மொர்வேனாவுக்கு ரவிக்கை தைத்தவர்கள்

செல்வதுரை அண்ணாச்சியின் அச்சகத்தில் ஏவாளே வாழைக்குப் பின்னால்தான் நின்றாள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வசன அட்டைக்காக ஏதேன் தோட்டத்துப் படம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, ஏவாளின் கழுத்து வரைக்கும் ஒரு வாழையை வளர்த்துவிட்டிருந்தார்கள். குலை தள்ளிய வாழை. பாம்பு போக்கிடம் இல்லாமல் தாரைச் சுற்றிக்கொண்டு தொங்கியது. ஆதாமுக்கு இடுப்புயரச் செடி போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த அட்டையை முதலில் பார்த்தபோது ஜெப்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள். வாழை வளர்த்த அதே ஆள்தான் காமிக்ஸ் கொள்ளைக்காரி மொர்வேனாவுக்கும் ரவிக்கை தைத்திருக்கிறான் என்று தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

அச்சகம் டூவிபுரத்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, உப்பு வியாபாரிகளின் காலண்டர், சபை மாத இதழ் என்று ஓடிக்கொண்டிருந்த மெஷினில் வருஷத்துக்கு ஒரு தடவை மொழிபெயர்ப்புக் காமிக்ஸும் ஓடும். அண்ணாச்சி சின்ன வயதில் சாத்தான்குளத்தில் பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்துப் படித்து அடி வாங்கியவர். அந்தக் கிறுக்கு இன்னும் தெளியவில்லை. அவரிடம் மதிக்கத் தகுந்தது அது ஒன்றுதான் என்பது ஜெப்ஸியின் தீர்மானம்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. மில்லர்புரத்து வீட்டில் அலமாரி நிறைய மொழிபெயர்ப்பு நாவல்கள். பனியைப் பார்த்ததில்லை, ஆனால் பனியில் வண்டி புதைந்தால் குதிரைக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவாள். ஆங்கில எம்.ஏ. முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டு அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காமிக்ஸைத் தமிழாக்குவது, வசனத்தைப் பலூனுக்குள் பொருத்துவது, வெளிநாட்டுக் கம்பெனிக்கு மெயில் எழுதுவது, இவைதான் வேலை.

அப்போது கையில் இருந்தது ‘புயல்வீரன் பெர்ட்ராம்’ தொடரின் மூன்றாவது புத்தகம். அதுவே கடைசி.

பெர்ட்ராமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செங்கல் மாதிரி ஒரு தாடை. பறப்பான். சண்டை தொடங்கிய இரண்டாவது கட்டத்திலேயே சட்டை கிழிந்துவிடும். கிழிவதற்கென்றே எடுத்த துணி. அடிப்பதற்கு முன்னால் எதிரிக்கு நீதியைப் பற்றிப் பிரசங்கம் செய்வான். அந்த நேரத்தில் ஓடிப்போயிருக்கலாம், ஆனால் அவனுடைய எதிரிகள் மரியாதை தெரிந்தவர்கள், நின்று கேட்பார்கள். அவனுக்கு லினெட் என்று ஒரு நிருபர் காதலி. அவள் ஒரு செய்தி எழுதி யாரும் பார்த்ததில்லை. மணிக்கூண்டு, கிரேன், ராக்கெட் என்று எதிலாவது கட்டப்பட்டு “பெர்ட்ராம்!” என்று கூவுவது அவள் உத்தியோகம்.

இந்த லட்சணத்தில் கிடந்த தொடருக்குள்தான் கருந்துறைப் பெண்கள் வந்தார்கள்.

அவர்கள் கெட்டவர்கள். அதில் ஜெப்ஸிக்குச் சந்தேகமே இல்லை, இருக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. கப்பலைக் கவிழ்ப்பார்கள். துறைமுகத்தையே பிடித்து வைத்துக்கொண்டு ஊரிடம் திறை கேட்பார்கள். தலைவி மொர்வேனா ஒற்றைக் கண்ணி. சுங்கத் தலைவனைக் கொடிக்கம்பத்தில் ஏற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து மீன் தின்கிறவள். அவர்களுக்கு அழுவதற்கு ஒரு பிள்ளைப்பருவம் இல்லை. குடிகார அப்பன் இல்லை, கைவிட்ட காதலன் இல்லை. எத்தனை நாவலில் பார்த்தாயிற்று! ஒரு பெண் கத்தியைத் தூக்கினால் உடனே பத்துப் பக்கம் பின்னால் போய் அவளை யார் கெடுத்தது என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். மொர்வேனாவிடம் பெர்ட்ராமே கேட்கிறான், “எதற்காக இப்படி ஆனாய்?” என்று. அவள் மீன்முள்ளைத் துப்பிவிட்டு, “துறைமுகம் அழகாக இருந்தது” என்கிறாள். அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை ஜெப்ஸி தன் போனின் முகப்பில் வைத்திருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. அவர்களில் ஒருத்தி செத்தால் மற்றவர்கள் அழமாட்டார்கள். வட்டமாக நின்று ஒருத்தி கையில் அடுத்தவள், அவளுக்கு நேரெதிரே திரும்பி, கத்தியால் ஒரு கீறல் போடுவாள். முழங்கைக்குக் கீழே, செத்தவளுக்கு ஒன்று என்று. போட்டு முடித்ததும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் புத்தகத்தில் இரண்டு பேர் செத்தார்கள், இரண்டாவதில் ஒருத்தி.

தமிழில் படித்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. ஏனென்றால் தமிழில் அவர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டு வரைக்கும் கறுப்புச் சட்டைக்கை இருந்தது.

அது ஜெயகணேஷின் கைவண்ணம். அச்சகத்தில் படம் திருத்துகிற ஆள். மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பெண்களுக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தான். கப்பல் பாய்மரத்தில் தொங்குகிற பெண்ணுக்குக்கூடக் கழுத்து மூடி, கை நீண்டு, பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வந்த டீச்சர் மாதிரி ஒரு ரவிக்கை. கத்தியை நீட்டி நிற்கும் கட்டத்தில், கீறுவதற்குக் கையில் இடமே இல்லாமல், எல்லோரும் ஒருவருக்கொருவர் தையல் பிரித்துக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது.

“பெர்ட்ராமுக்கு ஏன் சட்டை போடல?” என்று சேர்ந்த புதிதில் அவள் கேட்டிருந்தாள்.

“அவன் ஆம்பளைலா?” என்றான் ஜெயகணேஷ். கேள்வியே புரியாத முகம்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பத்தொன்றாம் பக்கத்தைப் பொறுக்க முடியாது.

மூன்றாவது புத்தகத்தில் பெர்ட்ராம் கருந்துறைப் பெண்களுக்குள் ஓர் உளவுக்காரியை அனுப்புகிறான். வெகுநாளாகக் காணாமல் போயிருந்த அவர்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தியின் முகத்தை அவளுக்கு ஒட்டி அனுப்புகிறான். நீதிமான்களுக்கு இதெல்லாம் அனுமதி உண்டு. முப்பத்தொன்றாம் பக்கம் முழுக்க ஒரே படம். ஒரு பலூன் கிடையாது. மேசை. அதன்மேல் ஐந்து பெண்களின் வெறுங்கைகள். எல்லாக் கையிலும் மூன்று கீறல். எதிரே நின்று இன்னொருத்தி போட்டதால் நான்கு பேரின் கீறல்களும் வெளிப்புறம் சரிந்திருக்கின்றன. ஐந்தாவது கையில் மட்டும் அவை உள்பக்கம் சரிந்திருக்கின்றன. தனக்குத்தானே போட்டுக்கொண்டவள். பக்கத்தைப் புரட்டினால் அவள் நாற்காலி காலியாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தை முதல்முறை பார்த்தபோது ஜெப்ஸி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பப் பார்த்தாள். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடமும் காட்டினாள். அம்மா ஜெபசெல்வி நாசரேத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“நல்ல பொம்பளையளப் பத்தி ஒரு புக்கும் கெடையாதாளா ஒனக்கு?”

“இருக்கும்மா. ஒருத்திய ராக்கெட்டுல கெட்டிப் போட்டிருக்கு. அவ நல்லவ.”

“வாய் மட்டும் இல்லேன்னா ஒன்ன நாய் தூக்கிட்டுப் போயிரும்” என்று அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

மறுநாள் காலையில் ஜெயகணேஷ் அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தான். மூன்று கைகளுக்கு ஏற்கெனவே சட்டை ஏறிவிட்டது. ஜெப்ஸி பின்னால் நின்று பார்த்தாள்.

“அண்ணே, இது கையக் காட்டுற பக்கம்.”

“அதான் மூடுதேன்.”

“மூடிட்டா கதையே இல்லண்ணே. கீறல வச்சுத்தான் மொர்வேனா உளவுக்காரியக் கண்டுபுடிக்கா.”

ஜெயகணேஷ் கொஞ்சம் யோசித்தான். யோசிக்கும்போது அவன் வாய் திறந்துகொள்ளும். “ஒண்ணு செய்யலாம். இந்தக் கடைசிப் பொண்ணுக்கு மட்டும் ஒரு வாட்ச் கட்டி விட்டுருவோம். ‘ஆ! நம்மில் யாரும் கடிகாரம் அணிவதில்லையே!’ன்னு ஒரு பலூன் போட்டா தீந்துது.”

கடற்கொள்ளைக்காரிகளின் மேசையில் ஒரு வாட்ச். ஜெப்ஸி அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நேரே அண்ணாச்சியின் அறைக்குப் போனாள்.

செல்வதுரை அண்ணாச்சி சபைக் கூட்டத்துக்குக் கிளம்புகிற மாதிரி எப்போதும் வெள்ளை வேட்டி சட்டையில்தான் இருப்பார். அவள் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் எரிச்சலாக இருந்தது. ஜெபக்கூட்டத்தில் நெடுநேரம் ஜெபிக்கிறவர் எப்போது ஆமென் சொல்வார் என்று காத்திருக்கிற பொறுமை.

“ஏளா, நீ சொல்லுறது வெளங்குது. ஆனா இது குடும்பத்துல வச்சுப் படிக்கிற புக்கு. துபாய்ல, தோகால நம்ம சந்தாக்காரங்க இருக்காங்க. காயல்பட்டணத்துல ரியாஸ் தம்பி அம்பது புக்கு மொத்தமா எடுக்காரு. பிள்ளேள் கையில குடுப்பாங்கள்லா?”

“கைதான அண்ணாச்சி. பஸ்ஸுல ஏறுனா பாக்க முடியாத கையா?”

“பஸ்ஸுல பாக்கலாம். நாம அச்சடிச்சுக் குடுக்கக் கூடாது.” தாம் சொன்னது அவருக்கே பிடித்துவிட்டது, லேசாகச் சிரித்தார். “பெறகு இன்னொரு காரியம். கடைசிப் பக்கத்துல அந்தப் பொம்பளையள் துறைமுகத்தப் புடிச்சுக்கிட்டே நிக்காளுவ. பெர்ட்ராம் தலையத் தொங்கப்போட்டுட்டு நடந்து போறான். அது சரியில்ல. கீழ ஒரு வரி போட்டுரு. ‘ஆனால் விரைவில் அவர்கள் மனந்திரும்பினார்கள்.’ நல்லா இருக்கும்.”

“யாரு? மொர்வேனாவா?”

“எல்லாரும்தான்.”

ஜெப்ஸி வெளியே வந்தாள். வாசலில் வேப்பமரத்தடியில் அவளுடைய ஸ்கூட்டி நின்றது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாளே தவிர எங்கும் போகவில்லை. தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் ஊர்ந்து தெருவையே நிறுத்திவைத்திருந்தது. மனந்திரும்பினார்களாம். ஒரே வரியில். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. மூன்று புத்தகமாக ஒரு ராஜ்ஜியத்தையே ஆட்டிவைத்தவர்களை அடிக்குறிப்பில் முழந்தாளிட வைக்கிற மூளை எப்படிப்பட்ட மூளை! மூன்றாவது புத்தகத்தோடு தொடர் முடிகிறது. இதற்குப் பிறகு தமிழில் அவர்கள் வரப்போவதில்லை. இனி எவன் கையில் இந்தப் புத்தகம் கிடைத்தாலும், அவன் அறிந்த கருந்துறைப் பெண்கள் நீளக்கை ரவிக்கை போட்டு, ஒரு வாட்சைப் பார்த்துத் திகைத்து, கடைசியில் திருந்திப்போன அசடுகளாக இருப்பார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. படத்தில் ஒரு கோடுகூட மாற்றக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அச்சான பிரதி இரண்டு அனுப்பவேண்டும் என்பது இன்னொன்று. முதல் இரண்டு புத்தகங்களும் பழுப்புத்தாளில் பொதிந்து, விலாசம் எழுதி, அண்ணாச்சியின் மேசைக்குப் பின்னால் பீரோ மேல் தூசு படிந்து கிடந்தன. கம்பெனி கேட்கும்போதெல்லாம் “தபாலில் தொலைந்துவிட்டது” என்று மெயில் அனுப்பவேண்டும். அந்த மெயிலை இரண்டு தடவை ஜெப்ஸியே எழுதியிருக்கிறாள்.

நான்கு படம் எடுத்து அனுப்பினால் போதும். யார் அனுப்பினார்கள் என்றுகூடத் தெரியவேண்டாம். போனை எடுத்தவள் திரும்பப் பைக்குள் போட்டாள். மறைவில் இருந்துகொண்டு யாரையோ துணைக்குக் கூவுவது லினெட் செய்கிற காரியம். கருந்துறைப் பெண்கள் துறைமுகத்துக்குள் நுழையுமுன் கொம்பு ஊதுவார்கள், ஊரே விழித்துக்கொள்ளட்டும் என்று.

திரும்ப உள்ளே போனாள். அண்ணாச்சி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போய் நாற்காலியில் ஏறிப் பீரோ மேலிருந்த பொட்டலத்தை எடுத்து, தூசியோடு மேசையில் வைத்தாள்.

“அண்ணாச்சி, முப்பத்தொண்ணாம் பக்கம் கையோட வரணும். முன்கதைப் பக்கத்துல பழைய புக்குலேருந்து கீறல் போடுற படத்த, சட்டையில்லாத ஒரிஜினல் படத்த, நான் வைப்பேன். கடைசியில ஒரு வரியும் வரக் கூடாது. இல்லேன்னா இந்தப் பொட்டலத்த நானே கொண்டுபோயி இன்னைக்குத் தபாலாபீஸ்ல போட்டுருவேன்.”

அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்தார்.

“என்னளா, மெரட்டுதியா?”

“ஆமா.”

‘மன்னிச்சிருங்க’ என்று சேர்க்க வாய் வந்தது. சீ, என்று தன்னையே வைதுகொண்டாள்.

“இத அனுப்புனா என்ன ஆவும்னு தெரியுமா? கேஸ் போடுவான். பிரஸ்ஸ மூட வேண்டியதுதான். இங்கன பத்துக் குடும்பம் சாப்புடுது. ஜெயகணேஷுக்கு ரெண்டு பொட்டப்பிள்ள.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

இந்த இடத்தில் சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஒப்பந்தத்தை மீறியது அவர்தான், பொய் மெயில் எழுத வைத்தது அவர்தான், பெண்களின் கை, கலையின் மரியாதை, எத்தனையோ. சொன்னால் நியாயம் தன் பக்கம் வந்துவிடும். அவரும் கொஞ்சம் தலைகுனிவார், இருவரும் நல்லவர்களாகிவிடலாம். அதை நினைக்கவே அவளுக்குப் பெர்ட்ராமின் பிரசங்கம்தான் காதில் கேட்டது.

“எனக்கு அந்தப் பக்கம் வேணும் அண்ணாச்சி” என்றாள். “அவ்வளவுதான்.”

அண்ணாச்சி பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார். இவள் ஜெபசெல்வி டீச்சர் மகள். டீச்சரிடம் அவர் தங்கைமார் இரண்டு பேரும் படித்திருக்கிறார்கள்.

“நல்ல குடும்பத்துப் பிள்ளைன்னு நெனச்சேன்” என்றார். தம்ளரை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். “போ. போட்டுக்கோ. கடைசி வரியும் வேண்டாம். ஆனா புக்கு மெஷின்ல ஏறுன நாளோட நீ நின்னுக்கிடணும். உம் பேரும் உள்ள வராது.”

“சரி.”

“சரின்னா?”

“சரின்னுதான் அண்ணாச்சி.”

பொட்டலத்தைத் தன் மேசைக்கு எடுத்துப்போய்க் காலடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய வாக்கை நம்புகிற அளவுக்கு அவள் இன்னும் இறங்கிவிடவில்லை.

அதற்குப் பிறகு அச்சகத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. பைண்டிங் பகுதியில் இருந்த சுடலைச்செல்வி அக்காகூட, மத்தியானம் சோற்றுப் பொதியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். பத்துக் குடும்பத்தின் சோற்றில் மண் போடப் பார்த்தவள் என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஜெப்ஸி அதை மறுக்கவில்லை. அது உண்மைதான். ஜெயகணேஷின் இரண்டு பிள்ளைகள் அவ்வப்போது நினைவுக்கு வரத்தான் செய்தார்கள். அவர்களை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு வசனங்களைப் பலூனுக்குள் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பக்கமாக ரவிக்கைகளை அவளே கழற்றினாள். எல்லாவற்றையும் கழற்ற அவளுக்கு உத்தரவில்லை. முப்பத்தொன்றும் முன்கதையும் மட்டும்தான் பேச்சு. ஆனால் மற்றப் பக்கங்களைத் திறந்து பார்க்க அண்ணாச்சிக்கு வெறுப்பு, ஜெயகணேஷுக்குச் சோம்பல்.

வியாழக்கிழமை புத்தகம் மெஷினில் ஏறியது. முப்பத்தொன்றாம் பக்கம் இருக்கிற தாள் வரும்வரைக்கும் ஜெப்ஸி மெஷின் பக்கத்திலேயே பொட்டலத்தோடு நின்றாள். அண்ணாச்சி அந்தப் பக்கமே வரவில்லை. ஓடி வந்த முதல் தாளை மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது ஜெயகணேஷின் பொறுப்பு. அவன் உருவி மேசைமேல் விரித்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியை மேலே வைத்துக் கறுப்பைச் சோதித்தான். பிறகு சோதிப்பதை மறந்துவிட்டான்.

அவன் வாய் திறந்துகொண்டது.

“இவ கீறல் மட்டும் ஏன் உள்பக்கமாச் சரியுது?”

ஜெப்ஸி பொட்டலத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஜெயகணேஷ் தன் இடதுகையை நீட்டினான். வலதுகை ஆட்காட்டி விரலால் அதன்மேல் ஒரு கோடு இழுத்தான். பிறகு மெஷின்காரன் கையைப் பிடித்து இழுத்து, எதிரே நின்றபடி அதில் ஒரு கோடு இழுத்தான். மெஷின்காரன் “என்னவே பண்ணுதீரு” என்று கையை உதறினான். ஜெயகணேஷ் திரும்பத் தாளைக் குனிந்து பார்த்தான்.

“ஏ யப்பா. இவளே கீறிக்கிட்டிருக்கா. இவ அவ இல்ல!” என்றவன் ஜெப்ஸியைப் பார்த்தான். “இதுக்கு முந்தி கப்பல்ல வச்சு ஒருத்திக்கொருத்தி கீறிக்கிடுவாள்லா? மொதப் புக்குல? நாந்தான மூடுனேன் அத.”

“ஆமா. நீங்கதான் மூடுனீங்க.”

“அது சும்மா டிசைனுக்கு வரஞ்சிருக்கான்னுலா நெனச்சேன். ஏளா, மொதல்லயே சொல்லப்பிடாதா? சொல்லியிருந்தா வாட்ச் கட்டுவோம்னு சொல்லியிருப்பனா?”

“கீறல வச்சுத்தான் கதைன்னு சொன்னேன்லா. மூணு வருசமா அந்தக் கையவே உத்துப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க.”

“பாக்கவா சொன்னாரு? மூடச் சொன்னாரு” என்றான் ஜெயகணேஷ். தாளைத் திருப்பி அடுத்த பக்கத்துக் காலி நாற்காலியைத் தேட ஆரம்பித்திருந்தான்.

தமிழில் அந்தப் பக்கத்தைப் புரிந்துகொண்ட முதல் ஆள் இவனாகவா இருக்கவேண்டும் என்று ஜெப்ஸிக்கு வந்தது. துபாயில் யாரோ, காயல்பட்டணத்தில் ஒரு சின்னப்பெண், முகம் தெரியாத, மூளையுள்ள யாரோ ஒருவருக்காக அவள் வேலையைத் தொலைத்திருந்தாள். கிடைத்தது ஏதேன் தோட்டத்தில் வாழை வைத்தவன். அவனிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பொட்டலத்தை அவன் மேசையில் போட்டாள். “இத அண்ணாச்சிகிட்ட குடுத்துருங்க” என்றாள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மெஷின்காரனைத் தோளில் பிடித்துத் தாளுக்கு முன்னால் நிறுத்தி, “ஏலே, இங்கன பாரு, ஒரு வார்த்த கெடையாது, கைய மட்டும் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெப்ஸி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.